ஏழாம் பாடத்துச் சாட்சி

சாட்சிக் கூண்டில் ஏறி நின்றபோது வால்டருக்கு முதலில் தோன்றியது, இது இவ்வளவு சின்னதா என்பதுதான். இருபது வருஷம் அதன் எதிரே நின்று உள்ளே இருந்தவர்களை வறுத்தெடுத்தவர். உள்ளே ஒருதரம்கூட ஏறியதில்லை. சமையல்காரன் சட்டிக்குள் இறங்கியா பார்க்கிறான்?

மைசூர் கோர்ட் வட்டாரத்தில் வால்டரைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் அன்றைக்குத்தான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். கிரிமினல் கேஸ்களில் குறுக்கு விசாரணைக்கென்றே பேர் வாங்கியவர். நாற்பத்து மூன்று வயதில், நல்ல வரும்படி இருக்கும்போதே, கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாத்தியாராகிவிட்டார். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் கீழே சொந்த அச்சகம், மேலே வகுப்பு. சனிக்கிழமை மாலையானால் புது வக்கீல்கள் சந்து முழுக்கப் பைக்குகளை நிறுத்திவிட்டு மாடியேறுவார்கள். சட்டக் கல்லூரியில் சொல்லித் தராததை அவர் சொல்லித் தருவார். ஜட்ஜ் எரிச்சலாக இருந்தால் எப்போது உட்கார வேண்டும், ஜாமீன் மனுவில் எந்த வரியை முதலில் போட வேண்டும், பொய் சொல்லும் சாட்சியை எப்படிப் பேசவிட்டுப் பிடிக்க வேண்டும். அதையெல்லாம் கோட்டுப் பையில் அடங்குகிற மாதிரிச் சின்னப் புத்தகங்களாகக் கன்னடத்தில் எழுதி, தானே அச்சடித்து விற்றார். அவற்றில் சக்கைப்போடு போட்டது ‘சாட்சியின் எதிரே: நாற்பது பாடங்கள்’. எட்டுப் பதிப்பு வந்துவிட்டது. ஒன்பதாவது கீழே மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பதிலும் மாணவர்களுக்குப் பிடித்தது ஏழாம் பாடம். வால்டர் அதை வகுப்பில் நடித்தே காட்டுவார். கொள்ளேகால் கோர்ட்டில், அவருடைய முப்பத்து மூன்றாவது வயதில் நடந்தது. தமிழ்நாட்டு எல்லையோரக் கோபிநத்தத்துக்காரர் ஒருவர் லாரி மோதிச் செத்துப்போனார். ஒரே சாட்சி அவர் மனைவி, ‘ஒரு கிழவி’. ராகிக் காட்டு வரப்பில் நின்றபடி ரோட்டில் இருந்த லாரி டிரைவரின் முகத்தைப் பார்த்ததாகச் சொல்கிறாள். டிரைவருக்காக வந்த வக்கீல் வால்டர் ஒரு சின்ன போட்டோவை அவள் கையில் கொடுத்து, இது யார் என்று கேட்கிறார். அவள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், தெரியவில்லை என்கிறாள். அது செத்துப்போன அவள் புருஷனின் போட்டோ. ‘கைக்குள் இருக்கும் புருஷனைத் தெரியாத கண்ணுக்கு, காட்டைத் தாண்டி நின்ற டிரைவரைத் தெரியுமா?’ கோர்ட்டே சிரித்தது. டிரைவருக்கு விடுதலை.

வகுப்பும் ஒவ்வொரு முறையும் சிரிக்கும். பாடத்தின் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: ‘இங்கே நிறுத்திக்கொள். தூரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதே.’

அப்படிப்பட்டவர் சாட்சியாக வந்து நின்றதற்குக் காரணம் ஒரு டெம்போ. போன வருஷம் ஆகஸ்டில், காலை பத்தரை மணிக்கு, அவர் மாடி வராந்தாவில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். சந்து முனையில் பிளைவுட் கடை டெம்போ ஒன்று வேகமாகத் திரும்பி, அங்கே கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் விற்கிற நஞ்சம்மாவின் மேல் ஏறி நின்றது. ஓட்டியவன் கீழே இறங்கினான். கடை முதலாளியின் மகன் அருண்ராஜ். தலையில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான், பிறகு ஓடினான். நூறடி தூரம் இருக்கும். வால்டர் அவன் முகத்தைப் பார்த்தார், நீலச் சட்டையைப் பார்த்தார், சட்டைப் பை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியதைக்கூடப் பார்த்தார்.

நஞ்சம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அருண்ராஜ், ஓட்டியது நானில்லை, சம்பளத்துக்கு வைத்திருந்த டிரைவர், அவன் வேலையை விட்டு எங்கோ போய்விட்டான் என்றான். சந்திலிருந்த மற்றவர்களெல்லாம் கடைக்காரர்கள். அந்த முதலாளியின் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டியவர்கள். அதனால் அன்றைக்கு ஒருவர் கண்ணுக்கும் எதுவும் தென்படவில்லை. பார்த்தேன் என்று சொன்னவர் வால்டர் ஒருவர்தான்.

அருண்ராஜுக்கு வக்கீல் மெர்வின். வால்டரின் மாணவர்களிலேயே கெட்டிக்காரன், ஞாயிற்றுக்கிழமை அதே சர்ச்சில் இரண்டு வரிசை தள்ளி உட்காருகிறவன். கேஸை எடுத்துக்கொண்டபோது மரியாதையாக வந்து சொல்லிவிட்டுத்தான் போனான். “உன் வேலையை நீ செய்பா” என்று வால்டரும் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

கோர்ட்டில் எல்லாம் கன்னடத்தில் நடந்தது. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் வால்டர் கணீரென்று பதில் சொன்னார். பிறகு மெர்வின் எழுந்தான். குரல் தேன்.

“சார், கழுத்தில் தொங்குகிற கண்ணாடி எதற்கு?”

“படிப்பதற்கு.”

“அதைக் கொஞ்சம் கழற்றிக் கோர்ட் கிளார்க்கிடம் கொடுக்க முடியுமா?”

வால்டர் கழற்றிக் கொடுத்தார். மெர்வின் ஒரு சின்னப் புத்தகத்தை விரித்து நீட்டினான்.

“இந்த வரியை வாசியுங்கள்.”

எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. வால்டர் கையை நீட்டிப் பார்த்தார், கழுத்தைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகப் பழக்கம். எத்தனையோ பேருக்கு எதிராக அவரே கிளப்பிவிட்ட சிரிப்பு அது.

“தெரியவில்லை” என்றார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் மெர்வின் நல்ல மாணவன். ஆனால் கெட்டிக்காரர்களுக்கு ஒரு கேள்வி அதிகமாகக் கேட்காவிட்டால் தூக்கம் வராது. “இது உங்கள் புத்தகம் சார். ஏழாம் பாடம். நானே வாசிக்கிறேன்” என்று எடுத்து, கைக்குள் இருக்கும் புருஷனைத் தெரியாத கண் என்று தொடங்கும் வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தான். “நீங்கள் எழுதியது சரியா, தவறா? கொள்ளேகால் கோர்ட் அந்தச் சாட்சியை நம்பாமல் விட்டது சரியா, தவறா?”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். வால்டர் அதை எட்டுப் பதிப்பு போட்டு வைத்துக்கொண்டிருந்தார். சரி என்று சொன்னால் நஞ்சம்மாவின் கேஸ் அந்த நிமிஷமே செத்துப்போகும். தவறு என்று சொன்னால், ஏன் தவறு, எப்போது தெரிந்தது என்று அடுத்த கேள்வி வரும். அவர் வாயைத் திறக்குமுன் ஜட்ஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது வயதுள்ள, அதிகம் பேசாத அம்மா அவர். “சாப்பாட்டுக்குப் பிறகு பதில் சொல்லட்டும்” என்று எழுந்துவிட்டார்.

தாழ்வாரத்தில் அரசு வக்கீல் வால்டரின் காதருகே வந்தான். புதிதாக வேலைக்கு வந்தவன், நல்லவன். “பேஜாரே வேண்டாம் சார். சுலபம். அந்தக் கேஸில் கோர்ட் செய்தது சரி, அந்தக் கிழவிக்கு நிஜமாகவே கண் தெரியாது, கண் டாக்டரே சொன்னார் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வெறும் வெள்ளெழுத்து, தூரம் நன்றாகத் தெரியும் என்று நான் மறுவிசாரணையில் கேட்டு வாங்கிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின கேஸ். அந்தக் கிழவி உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?”

யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அது வால்டருக்கும் தெரியும்.

பெஞ்சில் நஞ்சம்மா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். உள்ளே நடந்தது அவளுக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. “நீங்க பாத்தீங்களே சாமி, எனக்கு அது போதும்” என்றாள் கன்னடத்தில். அவரால் அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை. இதே மாதிரி ஒரு தாழ்வாரத்தில் இன்னொருத்தி அவரை நம்பினாள்.

கொள்ளேகால் கோர்ட் தாழ்வாரம் அது. அவளுக்குப் பேர் சித்தம்மா. புத்தகத்தில் பேர் இல்லை, கிழவி என்றுதான் போட்டிருந்தார். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. இப்போது அறுபத்தொன்றாகும் வால்டரை யாராவது கிழவர் என்றால் முகம் சுண்டிப்போகும்.

வால்டர் அன்று தன் குமாஸ்தாவோடு தமிழில் பேசிக்கொண்டிருந்ததை அவள் தூரத்திலிருந்து கேட்டுவிட்டாள். அவன் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நேரே அவரிடம் வந்தாள்.

“சாமி, நீங்க தமிழுங்களா? காத்தாலேருந்து நான் பேசறது ஆருக்குமே வெளங்கலீங்க. சர்க்கார் வக்கீலய்யா கன்னடத்துல ஏதோ சொல்லிப்போட்டுப் போயிட்டாருங்க.”

நான் எதிர்க்கட்சி வக்கீல் என்று சொல்ல ஒரு நொடி போதும். வால்டர் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கறுப்புக் கோட்டுப் போட்டுத் தமிழ் பேசுகிறவர் தனக்காகத்தான் வந்திருக்க வேண்டும் என்று அவள் தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். ராகியில் கல் பொறுக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று கூடப்பிறந்தவனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“கிட்டத்துல வந்தாத்தானுங்க கலங்குது. தூரத்துல ஒண்ணும் கொறையில்லீங்க. மலைமேல மேயற மாடு ஆரு ஊட்டு மாடுன்னு சொல்லிப்போடுவனுங்க. அந்த டிரைவர் மூஞ்சி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது சாமி.”

“பயப்படாதீங்கம்மா. நான் தமிழ்லயே கேக்கறேன்” என்றார் வால்டர்.

சொன்ன வார்த்தை தவறவில்லை, தமிழில்தான் கேட்டார். ஜட்ஜ் தார்வாட் பக்கத்து ஆள், தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. அரசு வக்கீலுக்கும் தெரியாது. மொழிபெயர்க்கிறவர் அன்று லீவு. “நீங்களே கேட்டு நீங்களே கன்னடத்தில் சொல்லிவிடுங்கள்” என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். சின்னக் கோர்ட்டுகளில் அப்போது அதெல்லாம் சகஜம். போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு சித்தம்மா தடுமாறினாள். பிறகு நிமிர்ந்து வால்டரைப் பார்த்து, “நாந்தான் உங்ககிட்டச் சொன்னனுங்களே சாமி, கிட்டத்துலதான் தெரியாதுன்னு” என்றாள்.

“என்ன சொல்கிறாள்?” என்று ஜட்ஜ் கேட்டார்.

“தெரியவில்லை என்கிறாள்” என்றார் வால்டர்.

இந்த இடம் புத்தகத்தில் இல்லை. வகுப்பில் நடித்துக் காட்டியதும் இல்லை. மனைவி ஹில்டாவிடம்கூடச் சொன்னதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பதெல்லாம் சும்மா. இலை பெரிதாக இருந்தால் இருபத்தெட்டு வருஷம் மறைக்கலாம்.

பத்து வருஷம் ‘அவள் ஏதோ சால்ஜாப்பு சொன்னாள்’ என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தி வைத்திருந்தார். பிறகு ஒருநாள் காலை பேப்பர் கலங்கியது. ஹில்டா அப்போது ஒரு ஆஸ்பத்திரியில் கண் வார்டு நர்ஸ். காலண்டரைக் கிட்டே காட்டினாள், தள்ளிக் காட்டினாள். “ஒண்ணுமில்லைங்க, வெள்ளெழுத்து. தூரத்துல பஸ் போர்டு தெரியுது தானே? கிட்டத்துலதான் கலங்கும். நாப்பது தாண்டினா ராஜாவுக்கும் வரும்” என்று சிரித்தாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வால்டர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம்தான் கோட்டைக் கழற்றினார். மாலையும் சால்வையும் போட்டு வழியனுப்பினார்கள். உச்சத்தில் இருக்கும்போது விலகுகிறவர் என்று மேடையில் பேசினார்கள். வெட்கம் தாங்காமல் ஓடியவன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் வெட்கப்பட்டவன் இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் எழுதும்போது அதையே ஏழாம் பாடமாகப் போட்டானே, அதற்கு என்ன சொல்வது? கதை நன்றாக இருந்தது. சிரிப்பு வந்தது. அவ்வளவுதான் காரணம். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மூன்று மணிக்கு மறுபடி கூண்டில் ஏறினார். என்ன சொல்லப் போகிறோம் என்று சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. ஜட்ஜ் கேள்வியை வாசித்துக் காட்டச் சொன்னார். நஞ்சம்மா வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தூரத்தில் அவள் மூக்குத்திகூட அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

“தவறு” என்றார் வால்டர்.

மெர்வின் சிரித்த முகத்தோடு, “புத்தகம் தவறா சார், கோர்ட் தவறா?” என்றான்.

“கோர்ட்டை நான் ஏமாற்றினேன். அந்த அம்மாவுக்குக் கிட்டப் பார்வைதான் மங்கல், தூரப் பார்வை நன்றாக இருந்தது. அதைக் கூண்டிலேயே தமிழில் சொன்னார். ஜட்ஜ் என்னைக் கேட்டபோது அதை நான் மொழிபெயர்க்கவில்லை. வேறு சொன்னேன்.”

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. மெர்வினின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே காய்ந்துபோய் இருந்தது. ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

“மிஸ்டர் வால்டர், தூரப் பார்வை நன்றாக இருந்தது என்பது உங்களுக்குப் பிற்பாடு தெரிந்ததா, அன்றைக்கே தெரியுமா?”

இதோ ஒரு வாசல். பிற்பாடுதான் தெரிந்தது, எனக்கே வெள்ளெழுத்து வந்தபோதுதான் புரிந்தது என்று சொல்லிவிடலாம். பாதி உண்மை. கேட்கிறவர்களுக்கு மனம்கூட இளகும். வால்டர் அந்த வாசலைப் பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார்.

“அன்றைக்கே தெரியும். விசாரணைக்கு முன்னால் தாழ்வாரத்தில் அவரே என்னிடம் சொன்னார். நான் அவருடைய வக்கீல் என்று நம்பிச் சொன்னார். நம்பட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.”

ஜட்ஜ் அதை ஒரு வார்த்தை விடாமல் டைப் செய்யச் சொன்னார். அச்சடித்த தாளும் கண்ணாடியும் வால்டரின் கைக்கு வந்தன. சாட்சி படித்துப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டார் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வெளியே மெர்வின் அவருக்காகக் காத்திருந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தார். இல்லை. பயந்துபோயிருந்தான்.

“சார், நான் அந்த ஏழாம் பாடத்தை மூணு கேஸ்ல யூஸ் பண்ணிட்டேன்” என்றான் தமிழில். “ரெண்டுல ஜெயிச்சேன். அவங்கள்லாம்... அவங்களுக்கும் தூரம் தெரிஞ்சிருக்குமா சார்?”

வால்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். எட்டுப் பதிப்பு, பதிப்புக்கு ஆயிரம் பிரதி. எத்தனை ஊர் கோர்ட்டில் எத்தனை பேர் கையில் போட்டோவை வைத்துக்கொண்டு தடுமாறினார்களோ, யார் கண்டார்கள். அன்று மாலை அச்சகத்தில் மெஷினை நிறுத்தச் சொல்லி, ஒன்பதாம் பதிப்பில் ஓடியிருந்த அச்சுத் தாள்களையெல்லாம் தன் கையாலேயே கிழித்தார். கிழித்தால் என்ன, வெளியே போனது திரும்பியா வரும்?

வீட்டில் ஹில்டாவிடம் முழுவதையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு, “அன்னிக்கு நான் காலண்டரைக் காட்டிச் சிரிச்சேனே, அப்ப நீங்க அந்தம்மாவை நெனச்சுக்கிட்டு இருந்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமா.”

“கோர்ட்ல சொல்லிட்டீங்க சரி. அந்தம்மாகிட்டச் சொன்னீங்களா?”

மறு வாரம் வால்டர் விடியும்போதே கிளம்பி, கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை என்று பஸ் மாறி மாறி கோபிநத்தம் போய் இறங்கினார். சித்தம்மா என்று கேட்டதும் ஒருவர் ரோட்டின் கடைசி ஓட்டு வீட்டைக் காட்டினார். இவர் பாதி வழி வருவதற்குள் அந்த வீட்டிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எதிரே வந்தாள்.

“நீங்க கோர்ட்டு வக்கீலய்யாங்களா? நான் மக கனகாங்க. அம்மாதான் அனுப்புச்சு. ‘வாறது கோர்ட்டு சாமியாட்டம் இருக்குது, அந்த நடை அப்படியே இருக்குது, ஆனா என்ற கண்ணை நம்ப முடியாது, நீ போயி ஆருன்னு கேளு’ன்னு சொல்லுச்சுங்க.”

இருபத்தெட்டு வருஷம் கழித்து, அத்தனை தூரத்திலிருந்து, அவள் அவரைச் சரியாகவே பார்த்திருந்தாள்.

சித்தம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், மகளிடம் மோர் கொண்டுவரச் சொன்னாள்.

“இந்தச் சாமிதான் கனகா, அன்னிக்கு அம்புட்டுக் கூட்டத்துல எங்கிட்டத் தமிழ்ல பேசுனது. டீ வாங்கிக் குடுத்தாரு. நாந்தான் காரியத்தைக் கெடுத்துப்போட்டேன்.”

“நீங்க என்னம்மா கெடுத்தீங்க?” என்றார் வால்டர்.

“என்ற கண்ணுதானுங்க கெடுத்துச்சு. ஊட்டுக்காரரு போட்டோவையே தெரியலையே. அத்தன பெரிய கோர்ட்டு, என்ற கண்ணு பொய்யின்னு சொல்லிப்போட்டுது. அப்ப நான் பாத்தது ஆருன்னு எனக்கே கொழம்பிப்போச்சுங்க. ஒண்ணுமறியாத ஒரு மனுசன் மேல பழியப் போட்டுட்டமேன்னு ராத்திரியில தூக்கம் வராது. கடைசில அந்த டிரைவர் ஊட்டுக்கே போயி, என்ன மன்னிச்சுக்கப்பான்னு கேட்டனுங்க. அவனும் செரி போன்னுட்டான். பொறகு மலையேறிப் போயி மாதேசுவரனுக்கு மொட்டையடிச்சேன். பொய்ச்சாட்சி சொன்ன பாவம் போவட்டும்னு. அன்னைக்கிருந்து எதையும் நான் பாத்தேன்னு சொல்றதில்லீங்க. இவளைத்தான் கேப்பேன்.”

அவள் குறைபட்டுக்கொள்ளவில்லை, நடந்ததைச் சொன்னாள். வால்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அப்படியே மண்ணோடு மண்ணாகப் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

“அம்மா, நான் உங்க வக்கீல் இல்லை. அந்த டிரைவரோட வக்கீல்.”

சித்தம்மா அவரைப் பார்த்தாள்.

“உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. கிட்டத்துலதான் தெரியாது, தூரம் நல்லாத் தெரியும்னு நீங்க சொன்னதை நான் ஜட்ஜ்கிட்டச் சொல்லலை. மாத்திச் சொல்லிட்டேன். நீங்க பாத்தது அவனைத்தான். நீங்க யார் மேலயும் பழி போடலை.”

கனகா மோர்ச் செம்போடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சித்தம்மா முறத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

ஜட்ஜ் கேட்ட அதே கேள்வி. அங்கே சத்தியம் செய்துவிட்டுச் சொன்னார். இங்கே சத்தியம் வாங்க யாருமில்லை. அதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

“தெரியும்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. மண்ணை வாரித் தூற்றினால்கூட நின்று வாங்கிக்கொள்ளலாம். சித்தம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையைத் தூக்கித் தன் தலையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம், ராகிக் காட்டையும் அதற்கப்பால் மலையையும் பார்த்தபடி மகளைக் கூப்பிட்டாள்.

“கனகா, உங்கப்பனைக் கொன்னது அவன்தான். நான் பாத்தேன்.”

கனகா செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தம்மா அதையே இன்னும் இரண்டு தரம் சொன்னாள். வால்டரை இரு என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.